நடுவில் நின்ற வீச்சு

என் அண்ணன் தேவசகாயத்தைப் பற்றி லாலாகுடாவில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கம் தங்கம் என்று சொல்லித்தான் ஆளாளுக்கு அவன் தலையில் மிளகாய் அரைத்தார்கள். அரைத்தவர்களில் நானும் ஒருத்தி. கொஞ்சம் அதிகமாகவே அரைத்தவள். போன மாசம் அவனைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தபோது, கூடியவர்கள் எல்லாம் அவன் பட்டறையில் சம்மட்டி அடித்த கதையையே பேசினார்கள். அவன் கோல்ஃப் ஆடினான் என்பது ஒருத்தர் நினைவிலும் இல்லை. முழுக் கதையும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் புருஷன் சூசைராஜ். அவர் அதைப் பற்றி வாய் திறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னொருத்தி நான், எலிசபெத். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

எங்கள் அப்பா மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து, லாலாகுடா ரயில் பட்டறையின் கொல்லுலையில் சம்மட்டி அடித்தவர். அண்ணனுக்கு அந்த நெருப்பு பிடிக்கவில்லை. பதினேழு வயசில், பொல்லாரம் போகிற வழியில் இருந்த வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் மைதானத்தில் துரைகளுக்கு மட்டைப் பை தூக்கப் போய்விட்டான். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். கோல்ஃப் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, எங்கோ தூரத்தில் இருக்கிற குழியில் விழவைக்க வேண்டும். குறைந்த அடியில் விழவைத்தவன் ஜெயித்தவன். இதற்குத்தான் அத்தனை தொப்பி, அத்தனை பை, அந்தப் பையைத் தூக்க ஓர் ஆள்.

சூசைராஜும் அங்கே பை தூக்கியவர்தான். துரைகள் போன பிறகு இருவரும் உடைந்த மட்டைகளை வைத்துக்கொண்டு இருட்டுகிறவரை பந்து அடிப்பார்கள். அண்ணன் மட்டையைச் சுழற்றினால் துரைகளே நடையை நிறுத்திப் பார்ப்பார்கள் என்று என் புருஷன் கல்யாணமான புதிதில் சொல்வார். நான் நம்பவில்லை. சிநேகிதனைத் தூக்கிப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அப்பா விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பட்டறையில் அப்போது வழக்கம், அப்பன் இடம் பிள்ளைக்கு. அம்மா இருந்தாள், கல்யாணத்துக்கு நான் இருந்தேன். அண்ணன் மட்டைப் பையை இறக்கிவைத்துவிட்டு அப்பாவின் சம்மட்டியை எடுத்துக்கொண்டான். என்னைச் சூசைராஜுக்குக் கட்டிக்கொடுத்தான். பிறகு ஆரோக்கியமேரியைக் கட்டிக்கொண்டான். அம்மாவும் போனாள். பதினோரு வருஷம் சம்மட்டி அடித்தான்.

சம்மட்டிக்காரனின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். உஸ்தாத் என்கிற தலைமைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை இடுக்கியில் பிடித்துப் பட்டடைக்கல்லின் மேல் வைப்பார். சின்னச் சுத்தியலால் இங்கே அடி என்று தொட்டுக் காட்டுவார். சம்மட்டிக்காரன் அங்கே அடிக்க வேண்டும். உஸ்தாத் சுத்தியலால் வெறும் கல்லில் ஒரு தட்டு தட்டினால், நிறுத்து என்று அர்த்தம். சம்மட்டி தலைக்கு மேலே இருந்தாலும் சரி, பாதி வழி இறங்கியிருந்தாலும் சரி, கை அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடுக்கி பிடித்த கை போய்விடும். யோசித்து நிறுத்துகிற அவகாசமெல்லாம் கிடையாது. கை தானாக நிற்கும்.

அந்தச் சத்தத்தில் அண்ணனுக்குக் காதும் மந்தமாகிவிட்டது. பேசினால் பாதிதான் விழும், உலோகச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுபோகிறவள் நான். பட்டறை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பமாட்டான். கரண்டியால் பித்தளைத் தூக்குச்சட்டியின் மூடியில் ணங்கென்று ஒரு தட்டு தட்டுவேன். எங்கே இருந்தாலும் சிரித்துக்கொண்டு வந்துவிடுவான்.

நான் ஏன் சோறு கொண்டுபோக வேண்டும்? அண்ணி ஊரில் இல்லை. ஆரோக்கியமேரிக்கு இழுப்பு. கரி அடுப்பு மூட்டினால் இழுக்கும், இஞ்சின் புகை ஜன்னல் வழியாக வந்தால் இழுக்கும். ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். டாக்டர் பார்த்துவிட்டு, இந்தப் புகைக்குள் இவளை வைத்துக்கொள்ளாதே, வெட்டவெளியாகப் பார்த்துக் குடிவை என்று சொல்லிவிட்டார். சம்மட்டிக்காரனுக்கு வெட்டவெளியில் எவன் வீடு கொடுப்பான்? மணப்பாறையில் அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பினான். அங்கே தம்பி பெண்டாட்டி அவளை நெல் அவிக்க உட்காரவைத்தாள். புகையிலிருந்து தப்பிக்கப் போனவளுக்கு அங்கேயும் புகைதான். அதை அவள் எழுதவில்லை, ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

மாசத்துக்கு இரண்டு கார்டு வரும். அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் அவனுக்குப் படித்துக்காட்டுகிறவளும் நான், பதில் எழுதுகிறவளும் நான். "எனக்கு இப்போது தேவலை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடவும். எலிசபெத்துக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம்" என்று எழுதுவாள். இரண்டு வருஷமும் இதே மூன்று வரிதான். அண்ணன் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவான்.

முப்பத்தாறாம் வருஷம் மே மாசம். என் புருஷன் மைதானத்திலிருந்து ஒரு சேதியோடு வந்தார். கேடிகளுக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்த கிழவர் ஊருக்குப் போகிறாராம். மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் ஒருநாள், அக்டோபர் முதல் ஞாயிறு, கேடிகள் ஆடுவார்கள். துரைகள் சிரித்துக்கொண்டே அவர்களுக்குப் பை தூக்குவார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு சால்வை போர்த்துவார்கள். இந்த வருஷம் ஜெயிக்கிறவனுக்கு மேஸ்திரி வேலை என்று செக்ரட்டரி துரை அறிவித்துவிட்டாராம். நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற வேலைக்குப் பந்து அடிக்கிறவனைப் பிடிப்பது என்ன நியாயமோ! துரை மனசு, கேட்பார் யார். மேஸ்திரி வேலையோடு மைதானத்து ஓரத்தில் ஒரு வீடும் உண்டு. இரண்டு அறை, சொந்தக் கிணறு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் இருந்தது ஒற்றை அறை. பதினோரு குடித்தனத்துக்கு ஒரு குழாய். விடியும் முன்னால் குடத்தை வைத்துச் சண்டை போட்டுத்தான் என் வாயே இப்படி ஆனது. என் புருஷனைவிட நன்றாக ஆடுகிறவன் அந்த மைதானத்தில் கிடையாது. துரைகளுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறவர், சம்பளம் மட்டும் கேடி சம்பளம். வீடு எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மனசுக்குள் கிணற்றடியில் துணிகூடத் துவைத்தாகிவிட்டது.

அப்போதுதான் அண்ணன் சாப்பிட வந்தான். சேதியைக் கேட்டான். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"மாப்ளே, எம்பேரு இன்னும் அந்தக் கேடி நோட்டுல இருக்குமா?"

"இருக்கும் மச்சான். யாரு அடிக்கப்போறா."

"அந்த வீட்டுல அடுப்பு உள்ளயா, வெளியவா?"

"பின்னால தனியா இருக்கு. புகைபோக்கி வேற வச்சிருக்கான்."

அண்ணன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். "அப்ப மேரி இருக்கலாம்" என்றான். என் புருஷன் என் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வாங்க மச்சான், கையை எப்படி வச்சிருக்கீங்கன்னு பாப்போம்" என்றார்.

அவன் போன பிறகு நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. "உங்களுக்குப் புத்தி இருக்கா? கையில வர்ற வீட்டைத் தூக்கிக் குடுக்க நீங்க என்ன மகாராசாவா? ரெண்டு பொட்டப் பிள்ளைங்களை இந்தச் சந்துலயே வளர்க்கணுமா?" என்று கத்தினேன். அவர், "எலிசு, அவன் பொண்டாட்டிக்கு மூச்சுடி" என்றார். "என் மூச்சு மட்டும் நின்னா பரவால்லையா?" என்றேன். என்ன பேச்சு அது! என் மூச்சுக்கு ஒரு கேடும் வந்துவிடவில்லை. கடைசியில், நீங்களும் பேர் கொடுக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணப்பாறைக்கு ரயிலேறிவிடுவேன் என்றேன். அவர் பேர் கொடுத்தார். அண்ணனுக்குப் பாடமும் கொடுத்தார்.

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பொட்டல். முதல் நாள் நானும் காபி எடுத்துக்கொண்டு போனேன், என்னதான் கிழிக்கிறார்கள் பார்ப்போம் என்று. அண்ணன் மட்டையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கி, ஓங்கி ஒரு போடு போட்டான். பந்து அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மச்சான், அது பந்து. காய்ச்சின இரும்பு இல்ல. தட்டையாக்கவா பாக்குறீங்க?" என்றார் என் புருஷன்.

"என்ன பண்றது மாப்ளே, கை அங்கதான் போகுது" என்றான் அண்ணன். அவனும் சிரித்தான். ஆனால் கண் கலங்கியிருந்தது. ஒரு காலத்தில் தன்னிடம் இருந்தது இப்போது இல்லை என்பது அவனுக்கு அந்த ஒரு அடியில் தெரிந்துவிட்டது.

மூன்று வாரம் பந்தையே தொடவிடவில்லை. பழைய சுவரைக் கல் கல்லாகப் பிரித்துக் கட்டுகிற மாதிரிதான் என் புருஷன் வேலை பார்த்தார். சம்மட்டி பிடித்துப் பிடித்து அண்ணனின் இரண்டு கையும் தள்ளித் தள்ளி நிற்கும். அவற்றைச் சேர்த்துவைத்துச் சணல் கயிற்றால் சுற்றினார். இடது முழங்கை மடங்காமல் துண்டைக் கட்டினார். கால் இருக்க வேண்டிய இடத்தை மண்ணில் கீறிவைத்தார். மேலே தூக்காதே, பின்னால் கொண்டுபோ. கையால் அடிக்காதே, இடுப்பைத் திருப்பு. இதையே ஆயிரம் தரம் சொன்னார். அண்ணன் பத்து மணி நேரம் சம்மட்டி அடித்துவிட்டு வந்து சாயங்காலமும் அந்தப் பொட்டலில் வெறும் காற்றைச் சுழற்றுவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னிடம், "உங்கண்ணனுக்கு ஏதாச்சும் பேய்ச்சேட்டை பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள்.

பந்தைக் கொடுத்ததும் வேறொரு தொல்லை வந்தது. வீச்சு அழகாக இறங்கும், பந்தைத் தொட்டதும் செத்துவிடும். சம்மட்டி இரும்பைத் தொட்டதும் நிற்க வேண்டும் அல்லவா, அந்தப் பழக்கம். என் புருஷன் இரண்டு கரித்துண்டு எடுத்து ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக, ஒரு சாண் தள்ளி வைத்தார். "ரெண்டாவதை அடிங்க மச்சான். முதல் துண்டு சும்மா வழியில கெடக்கு, அதைக் கண்டுக்காதீங்க" என்றார். அப்படியும் சரிவரவில்லை. பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. கோயிலில் மன்றாட்டுமாலை சொல்லும்போது ஒவ்வொரு புனிதர் பேருக்கும் நாங்கள் பதில் சொல்வோமே, அதைச் சொல்லிக்கொண்டு அடிக்கச் சொன்னார். 'எங்களுக்காக' என்று மட்டை பின்னால் போக வேண்டும். 'வேண்டிக்கொள்ளும்' என்று முன்னால் வர வேண்டும். அந்தக் கடைசி எழுத்து வாயை விட்டுப் போகிறவரை கை நிற்கக் கூடாது. சாமியார் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் முழங்காலில் நிறுத்தியிருப்பார். ஆனால் பலித்தது. சிறு வயசிலிருந்து நாவில் ஊறிய சந்தம், கை அதற்குக் கட்டுப்பட்டது.

ஜூலை மாசக் கடைசி ஞாயிறு. தூறல் விட்ட நேரம். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சுழற்றினான். சத்தமே வேறாக இருந்தது. பந்து எழும்பி, ரயில் பாதையைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சீத்தா மரங்களையும் தாண்டிப் போனது. அவன் மட்டை தோளுக்குப் பின்னால் போய் நிற்க, முகத்தை மேலே தூக்கியபடி அப்படியே நின்றான். அத்தனை வயசும் அவனை விட்டுப் போயிருந்தது. என் புருஷன் அவனைக் கட்டிக்கொண்டு, "டேய், வந்திருச்சுடா!" என்றார். மச்சான் உறவான பிறகு அவர் அண்ணனை டா போட்டதே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ, இவன் ஜெயித்துவிடுவானே என்று நினைத்தேன். கூடப்பிறந்தவள் நினைக்கிற நினைப்பா அது!

அன்று சாயங்காலம் கார்டு எழுதினேன். 'பந்து அடித்து ஜெயித்தால் வீடு கிடைக்கும், அடுப்பு வெளியே, நீ வந்துவிடலாம்' என்று அவன் சொல்லச் சொல்ல என் கையால் எழுதினேன். அவள் பதில் முதல்முறையாக மூன்று வரிக்கு மேல் இருந்தது. "பந்து அடித்தால் வீடு கொடுப்பார்களா? கேலி செய்யவில்லையே? அடுப்பு வெளியே என்றால் மழைக்கு மேலே கூரை உண்டா? உண்டென்றால் நானே சமைப்பேன். எலிசபெத் இரண்டு வருஷமாக என் வேலையைச் செய்கிறாள், அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்." அதை நான்தான் உரக்கப் படித்தேன்.

ஒரே ஒரு குறையை மட்டும் என் புருஷனால் கழற்ற முடியவில்லை. ஒருநாள் அண்ணன் சுழற்றும்போது அவர் விளையாட்டாகப் பின்னால் நின்று இரண்டு இரும்பு மட்டைகளை ஒன்றோடொன்று தட்டினார். அண்ணனின் கை நடுவானில் நின்றுவிட்டது. மறுபடி தட்டினார், மறுபடி நின்றது. எத்தனை தரம் முயன்றாலும் அதே கதை. "நக்கோ மாப்ளே, வேணாம், அது என் கையில இல்ல, உஸ்தாத் கையில இருக்கு" என்றான் அண்ணன். என் புருஷன் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "போனாப் போகுது, மைதானத்துல எவன் வந்து இரும்பு தட்டப்போறான்" என்றார். எவன் என்றுதான் அவர் நினைத்தார், பாவம்.

போட்டி நாள் வந்தது. கேடிகளின் குடும்பங்கள் அன்று மட்டும் மைதானத்து ஓரத்தில் உட்காரலாம். புளிச்சோறு கட்டித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போய், கடைசிக் குழிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மொத்தம் ஒன்பது குழி. ஏழு முடிந்தபோது மற்றவர்களெல்லாம் பின்தங்கிவிட்டார்கள். அண்ணனும் என் புருஷனும் சரிசமம்.

எட்டாவது குழி நான் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்த மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது, எண்ணெய் கலந்த மண்ணைத் தட்டிச் சமமாக்கி வைத்திருப்பார்கள். என் புருஷனின் பந்து குழிக்கு இரண்டு சாண் தூரத்தில் நின்றது. என் சின்ன மகள் அடித்தாலும் விழும். அவர் குனிந்தார், பந்தைப் பார்த்தார், வேண்டுமென்றே குழிக்கு வலப்பக்கமாகத் தள்ளினார். துரைகள் 'ஓ!' என்றார்கள். எனக்குத் தெரியாதா அவர் கை? நாலாயிரம் தரம் பார்த்த கை. அண்ணன் ஓர் அடி முன்னால் போய்விட்டான்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. மறைவாக ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என்னை உட்காரவைத்து, என் கண் முன்னாலேயே, என் வீட்டை எடுத்துத் தானம் பண்ணுகிறாரே! காலையில் குழாயடியில் ஒருத்தி என் குடத்தை எட்டி உதைத்திருந்தாள். அதுவும் ஞாபகம் வந்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? என் பக்கத்தில் நியாயம் இருந்தது என்று காட்டவா? நியாயம் ஒன்றும் இல்லை. கோபம்தான்.

ஒன்பதாவதில் ஒரு குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டும். என் புருஷன் முதலில் அடித்தார், தாண்டிவிட்டது. அடுத்து அண்ணன். தாண்டினால் போதும், வீடு அவனுடையது. அவன் கால்களை ஊன்றி நின்றான். உதடு அசைந்தது. எங்களுக்காக என்று மட்டை பின்னால் போனது. அது கீழே இறங்கத் தொடங்கிய நேரத்தில் நான் கரண்டியை எடுத்துத் தூக்குச்சட்டி மூடியில் ஒரு தட்டு தட்டினேன்.

கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ பார்த்தேன். தவறவில்லை. தெரிந்துதான் தட்டினேன்.

அவன் கை நடுவழியில் நின்றது. வந்த வேகத்தில் மட்டை மட்டும் பந்தின் உச்சியை லேசாக உரசியது. பந்து உருண்டு போய்க் குட்டையில் விழுந்தது. அண்ணன் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, என்னமோ கேட்கிற மாதிரி இருந்தது. அடுத்த பந்தும் குட்டைக்கே போனது. நாலு மாசம் கட்டிய வீச்சு அதற்குள் கலைந்து, பழைய சம்மட்டி அடி வந்துவிட்டது. மூன்றாவதுதான் தாண்டியது. அதற்குப் பிறகு என் புருஷன் தோற்க நினைத்தாலும் முடியாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

அவர் செக்ரட்டரி துரையிடம் போய், வேலையை என் மச்சானுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். உனக்கு வேண்டாம் என்றால் வெளியிலிருந்து ஆள் போடுகிறேன் என்றுவிட்டார் துரை. அண்ணன்தான் அவர் தோளைப் பிடித்து, "ரெண்டு பேருக்கும் இல்லாமப் போறதுக்கு ஒருத்தருக்காவது இருக்கட்டும் மாப்ளே. பிள்ளைங்க நல்லாருக்கும்" என்றான். அன்று புளிச்சோற்றை அவன் ஒருத்தன்தான் சாப்பிட்டான்.

மறுநாள் கார்டு எழுத உட்கார்ந்தோம். "மாப்பிள்ளை ஜெயித்தார், சந்தோஷம். வீடு நமக்கு இல்லை. நீ மனசு விடாதே" என்று சொன்னான். எழுதினேன். அவள் பதில் வந்தது. "எலிசபெத்துக்கு என் சந்தோஷத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு நல்ல காற்று கிடைக்கும். எனக்குத் தேவலை." படித்துக்காட்டும்போது என் குரல் நடுங்கியதை அவன் காது பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள்: இரண்டு அறை வீடுதானே, அண்ணியை அங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டால் என்ன? என் புருஷன் குடிபோன அன்றே அதைத்தான் கேட்டார். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவள் வந்து என் கண் முன்னால் நடமாடினால், தினம் தினம் அந்தத் தட்டு என் காதில் கேட்குமே என்று பயம். அட்வெந்து நோன்புக்காலம் வரட்டும் என்றேன். கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். அண்ணன் ஒரு தரம்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவான், தனியாக இருந்த அந்த அடுப்படியை ஒரு தரம் சுற்றிப் பார்ப்பான், போவான். கடைசியில் ஜனவரி மாசம் எனக்கே பொறுக்கவில்லை. அவன் சொல்லாமலே நானாக ஒரு கார்டு எழுதினேன். 'அண்ணி, புறப்பட்டு வரவும். அடுப்புக்கு மேலே கூரை உண்டு.'

அந்தக் கார்டு போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவளை அடக்கம் பண்ணிவிட்டார்கள். பொங்கலுக்கு நெல் அவித்திருக்கிறாள். மூன்று ராத்திரி இழுத்திருக்கிறது. 'உங்கள் கார்டு வந்தது' என்று அவள் தம்பி எழுதியிருந்தான்.

அண்ணன் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறை, சம்மட்டி, மத்தியானச் சோறு. அதன் பிறகு அவன் மட்டையைத் தொடவே இல்லை. பத்து வருஷம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். என் புருஷன் என்னோடு வாழ்ந்தார், சாப்பாடு போடு என்பார், பிள்ளைகள் எங்கே என்பார். எலிசு என்று மட்டும் அப்புறம் கூப்பிட்டதே இல்லை. நாற்பத்தேழில் துரைகள் மூட்டை கட்டினார்கள், மைதானத்தில் மாடு மேய்ந்தது, வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். திரும்ப லாலாகுடாவுக்கே வந்தோம். அதே சந்து, அதே குழாய். அதற்காகத்தானே அத்தனையும்!

அண்ணனுக்கு நெஞ்சில் கட்டு. எழுந்திருக்க முடியவில்லை. போன மாசம் ஒரு மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். பழக்க தோஷம், மூடியில் கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டேன். கண் திறந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மனசு உடைந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இவனை அனுப்பக் கூடாது என்று அவன் காதருகே குனிந்தேன்.

"அண்ணே, அன்னிக்கு மைதானத்துல, குட்டைக்கு முன்னால..."

"ஹவ், ஆமா" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "நான் எத்தினியோ நாள் நெனச்சிருக்கேன் எலிசு, உங்கிட்ட சொல்லணும்னு. உனக்கு மனசுக்குள்ள உறுத்தலா இருக்கும். அதுல உன் தப்பு என்ன இருக்கு? நான் காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு உனக்குத் தெரியும். சோத்துக்குக் கூப்பிட்ட. நீ கூப்பிட்டா நான் நிப்பேன், அவ்ளோதானே."

நான் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தேன்.

"சோத்துக்குத்தானே கூப்பிட்ட?" என்றான்.

"ஆமாண்ணே" என்றேன். கஞ்சியை ஊட்டினேன். நாலு கரண்டி குடித்தான்.